கௌபாய் துப்பாக்கி கேம்: எதை வாங்குவது, எதை விடுவது?

போன வாரம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். "அண்ணா, கௌபாய் கேம் ஒண்ணு வேணும். ஆளோட முதுகைப் பாத்துக்கிட்டே ஆடறது வேண்டாம். என் கண்ணாலயே பாக்கணும், துப்பாக்கி என் கையில இருக்கணும். ரெட் டெட் வாங்கட்டுமா, ஹன்ட் வாங்கட்டுமா?" என்றான். லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். 256 ஜிபி எஸ்எஸ்டி, மிச்சம் இருந்தது 41 ஜிபி. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை.

சேலம் ஐந்து ரோடு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்கிறவர்களில் பாதிப் பேர் சிவகாசியில் அச்சான கௌபாய் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்கள். அரிசோனாவும் டெக்சாஸும் அவர்களுக்கு ஆத்தூரும் ஓமலூரும் மாதிரிப் பழக்கம். மீதிப் பேர் யூடியூபில் யாரோ குதிரையில் போவதைப் பார்த்து மயங்கியவர்கள். இரண்டு கூட்டமும் ஒரே தவறைச் செய்கிறது. எந்தப் படம் அழகு என்று பார்த்து வாங்குகிறார்கள். வாங்கிய பிறகுதான் தன் வீடு, தன் மெஷின், தன் மாலை நேரம் எல்லாம் ஞாபகத்துக்கு வருகின்றன.

## முதலில் அளவுகோல்

துப்பாக்கிதான் முதல் அளவுகோல். நவீனப் போர் கேம்களில் முப்பது தோட்டா மேகசினை ஒரே வினாடியில் மாற்றிவிடலாம். கௌபாய் காலத்து ரிவால்வரில் ஆறு தோட்டாதான். ஒவ்வொன்றாகப் போட வேண்டும், சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னால் இழுக்க வேண்டும். இந்த மெதுவான வேலையை ரசிக்க வைக்கிற கேம்தான் நல்ல வெஸ்டர்ன், அதாவது கௌபாய் கேம், என்பது என் கட்சி. இந்த மெதுவை மறைத்துவிட்டு வெறும் தொப்பியும் குதிரையும் காட்டினால், அது வேஷம் மாற்றிய வேறு கேம்.

இரண்டாவது, இடையில் நிறுத்த முடியுமா. அம்மா கூப்பிட்டால், காலிங் பெல் அடித்தால், குழந்தை அழுதால் பாஸ் போட முடியுமா? கல்யாணமானவர்களுக்கு இதை முதல் இடத்தில் வைக்கச் சொல்வேன்.

மூன்றாவது மெஷின். அதோடு சேர்த்து வெயில். சேலத்தில் மே மாதம் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் ஆடினால் லேப்டாப் சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதே லேப்டாப்பை இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றி ஏற்காட்டில் வைத்து ஆடியிருக்கிறேன். ஒரு செட்டிங்கையும் தொடவில்லை, ஆட்டம் கண்கூடாகச் சீரானது. அதனால் பெட்டியில் போட்டிருக்கிற குறைந்தபட்சத் தேவையை நம்பி வாங்காதீர்கள். கீழ்நாட்டில் இருப்பவர்கள் ஒரு படி கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது நெட்டும் கரண்டும். ஐந்தாவது காது. இந்த கேம்கள் எதிலும் தமிழ்ப் பேச்சோ தமிழ் சப்டைட்டிலோ இல்லை. சுட்டுக்கொண்டே ஆங்கிலத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டுமா, அல்லது காதைக் காலடிச் சத்தத்துக்கு மட்டும் கொடுத்தால் போதுமா என்பதைப் பொறுத்து ஆட்டமே மாறும்.

## கால் ஆஃப் ஜுவாரெஸ்: கன்ஸ்லிங்கர்

போலந்துக்காரர்களான டெக்லேண்ட் செய்து 2013-இல் வந்தது. சைலஸ் கிரீவ்ஸ் என்ற கிழவர் 1910-இல் கன்சாஸ் மாநிலம் அபிலீனில் ஒரு சலூனில் உட்கார்ந்து, குடித்தபடி தன் பழைய வீரக்கதைகளைச் சொல்கிறார். பில்லி த கிட்டை எனக்குத் தெரியும், ஜெஸ்ஸி ஜேம்ஸை நான் பார்த்தேன் என்று அந்தக் காலத்துப் பேர்போன கொள்ளையர்களை அடுக்கிக்கொண்டே போகிறார். அவர் சொல்வதைத்தான் நாம் ஆடுகிறோம்.

கேமின் உயிரே இங்கேதான் இருக்கிறது. நாம் ஒரு பள்ளத்தில் வழியில்லாமல் நிற்போம். கிழவர் கதையில் வழி ஞாபகம் வந்ததும் கண்ணெதிரே வழி முளைக்கும். கேட்டுக்கொண்டிருப்பவர் ஒருவர் நடந்தது அப்படியில்லையே என்று மடக்குவார். கிழவர் கதையைத் திருத்துவார், நாம் சுட்டுக்கொண்டிருந்த எதிரிகளே மாறிப்போவார்கள். எங்கள் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து சேர்வராயன் மலையில் சிறுத்தையை விரட்டிய கதை சொல்வார். ஒவ்வொரு தடவையும் சிறுத்தையின் நீளம் கூடும், பாட்டி உள்ளேயிருந்து குரல் கொடுத்தால் உடனே குறையும். கன்ஸ்லிங்கரை ஆடும்போது எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வந்தது.

துப்பாக்கியில் வேகம் கொஞ்சம் அதிகம். தொடர்ந்து சுட்டால் புள்ளி ஏறுகிற ஆர்கேட் ரகம். அந்தக் குறையை ஒற்றைக்கு ஒற்றைச் சண்டை ஈடுகட்டிவிடுகிறது. எதிராளி தெருவின் அந்தக் கோடியில் நிற்பான். மவுஸால் அவன் மீது கவனத்தை நிறுத்த வேண்டும். அதே நேரம் இடது கை விசைகளால் நம் விரல்களைத் துப்பாக்கி உறைக்குப் பக்கத்திலேயே பிடித்து வைக்க வேண்டும். ஒன்றைப் பார்த்தால் மற்றது நழுவும். முதலில் உருவிச் சுட்டு ஜெயிக்கலாம், ஆனால் அது மானக்கேடான வெற்றி என்று கேம் குறித்துக்கொள்ளும். அவன் உருவும்வரை பொறுத்துச் சுட்டால்தான் முழு மதிப்பு. முதல் நாள் என் கை வேர்த்துவிட்டது.

ஆடியவர்கள் சொல்கிற குறை அதன் நீளம். ஐந்தாறு மணி நேரத்தில் கதை முடிந்துவிடும், இரண்டு ஞாயிற்றுக்கிழமை தாங்கினால் அதிகம். மல்டிபிளேயர் கிடையாது. சேர்த்த திறமைகளோடு கதையை மறுபடி ஆடுகிற நியூ கேம் பிளஸும், புள்ளிக்காக ஆடுகிற ஆர்கேட் முறையும் இருக்கின்றன. வழி ஒற்றைக்கோடுதான், சுற்றித் திரிய இடமில்லை. இன்னொரு செலவு காது. கிழவர் வாய் ஓயாமல் பேசுவார், அதுவும் நாம் சுடும்போதுதான் பேசுவார். ஆங்கிலம் வேகமாகப் பிடிபடாதவர்கள் சப்டைட்டிலைப் படிக்கப் போனால் குண்டு வாங்குவார்கள். முதல் சுற்றில் கஷ்ட அளவைக் குறைத்து வைத்துக் கதையைக் கேளுங்கள், இரண்டாவது சுற்றில் சுடுங்கள். நான் அப்படித்தான் ஆடினேன்.

இடம் சுமார் 5 ஜிபி. தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் படத் தெளிவைக் குறைத்து 720பி-யில் வைத்தால் ஓடுகிறது. நெட் இல்லாமல் ஆடலாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். பழைய மெஷின், குறைந்த நேரம், முதல் வெஸ்டர்ன் என்று வருகிறவர்களுக்கு நான் யோசிக்காமல் கை காட்டுவது இதைத்தான்.

இதே வரிசையில் 2009-இல் வந்த பௌண்ட் இன் பிளட் பற்றியும் கேட்கிறார்கள். 1864 அமெரிக்க உள்நாட்டுப் போரில் தொடங்கும் இரண்டு சகோதரர்களின் கதை. பல கட்டங்களில் ரே, தாமஸ் இருவரில் யாராக ஆடுவது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். கதை கனமானது. கன்ஸ்லிங்கர் பிடித்திருந்தால் அடுத்ததாக எடுங்கள். 2011-இல் வந்த த கார்டெல் இந்தக் காலத்தில் நடப்பது. கௌபாய் ஆசையோடு போகிறவர்கள் அதை விட்டுவிடலாம்.

## ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, கண் வழிப் பார்வையில்

இது அடிப்படையில் தோளுக்குப் பின்னாலிருந்து பார்க்கிற கேம். ஆனால் ஒரு பட்டனில் கண் வழிப் பார்வைக்கு மாற்றி முழுக்கதையையும் ஆடலாம். கன்சோலில் 2018-இலும் கம்ப்யூட்டரில் 2019-இலும் வந்தது. கதை 1899-இல் தொடங்குகிறது. கொள்ளைக்கூட்டங்களின் காலம் முடிந்துகொண்டிருக்கும் நேரம், ஆர்தர் மார்கன் என்ற ஆளின் வாழ்க்கை.

துப்பாக்கியின் மெதுவை இவ்வளவு மரியாதையோடு காட்டிய கேம் அபூர்வம். ஒரு முறை சுட்ட பிறகு இன்னொரு அழுத்து அழுத்தினால் சுத்தியல் பின்னால் போகும், கண் வழிப் பார்வையில் கட்டைவிரல் அசைவதே தெரியும். துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடாவிட்டால் அதன் திறன் குறையும். குதிரைக்குத் தீனி போட வேண்டும், உடம்பைத் தேய்த்துவிட வேண்டும்.

ஆட்டக்காரர்கள் இரண்டாகப் பிரிவதும் இந்த இடத்தில்தான். ஒரு அலமாரியைத் துழாவினால் ஒவ்வொரு இழுப்பறையையும் கை இழுத்துத் திறப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உயிருள்ள உலகம் என்கிறது ஒரு கூட்டம், வேலை முடிந்து வந்தவனுக்கு இன்னொரு வேலை என்கிறது மற்றது. நான் முதல் கூட்டம். ஆனால் இரண்டாவது கூட்டத்தின் பேச்சில் ஒரு நியாயத்தை ஒத்துக்கொள்கிறேன். இவ்வளவு பெரிய திறந்த உலகத்தைக் கொடுத்துவிட்டு, மிஷனுக்குள் நுழைந்ததும் சொன்ன பாதையை விட்டுச் சற்று விலகினாலே தோல்வி என்று நிறுத்திவிடுகிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் அது எரிச்சல்தான்.

மறைந்திருக்கும் செலவு டிஸ்க்கில் தொடங்கும். இன்ஸ்டால் ஆனதும் 150 ஜிபி பிடிக்கும். நாளுக்கு 1.5 ஜிபி மொபைல் பேக்கை மட்டும் நம்பினால் டவுன்லோடுக்கே இரண்டு மாதம் தாண்டும். பிராட்பேண்ட் உள்ள நண்பன் வீட்டில் இறக்கி எக்ஸ்டர்னல் டிரைவில் கொண்டுவருவது புத்திசாலித்தனம். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கினாலும், கேமைச் செய்த ராக்ஸ்டாரின் சொந்த லாஞ்சர் (கேமைத் திறக்கிற மென்பொருள்) கூடவே வரும், அதற்குத் தனி அக்கவுண்ட் வேண்டும். அதிகாரப்பூர்வக் குறைந்தபட்சம் ஜிடிஎக்ஸ் 770 கிராஃபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ராம். சேலம் வெயிலுக்கு ஜிடிஎக்ஸ் 1060 கார்டுக்குக் கீழே நான் சிபாரிசு செய்வதில்லை. ஆன்லைன் பகுதிக்காக வாங்க நினைத்தால் வேண்டாம். 2022-இல் பெரிய அப்டேட்கள் இனி இல்லை என்று நிறுவனமே அறிவித்துவிட்டது.

கண் வழிப் பார்வையில் குதிரை ஓட்டினால் சிலருக்குத் தலை சுற்றும். தலை குலுங்கலைக் குறைத்து, பார்வை அகலத்தைக் கூட்டினால் பெரும்பாலும் சரியாகும். ஊர் சுற்றும்போது பின்பார்வை, சண்டையில் கண் பார்வை என்று மாற்றிக்கொள்கிறவர்களும் நிறைய.

ஐம்பது மணி நேரம் ஒரே கதைக்கு ஒதுக்க முடிந்தவர்கள், மெஷின் உள்ளவர்கள், அவசரமில்லாதவர்கள் வாங்கலாம். மெயின் கதையில் எங்கே வேண்டுமானாலும் பாஸ் போடலாம் என்பது குடும்பஸ்தர்களுக்கு ஆறுதல்.

## ஹன்ட்: ஷோடௌன் 1896

இது நேரடி கௌபாய் கதை இல்லை. லூசியானா சதுப்பு நிலம், அங்கே பேய்ப்பிராணிகள், அவற்றை வேட்டையாட வந்த ஆட்கள். ஒரு வரைபடத்தில் அதிகபட்சம் 12 பேர். மிருகத்தைக் கொன்று பரிசை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறவன் ஜெயித்தான். மற்றவர்கள் அவனை வழிமறிக்கக் காத்திருப்பார்கள். ஜெர்மனியின் கிரைடெக் செய்தது, முழுமையாக வந்தது 2019-இல். 2024 ஆகஸ்டில் பெரிய மாற்றத்தோடு இப்போதைய பெயர் வந்தது, கொலராடோ மலைப்பகுதி வரைபடமும் சேர்ந்தது.

துப்பாக்கி என்று பார்த்தால் இதுதான் உச்சம். சில ரைஃபிள்களில் ஒரே ஒரு தோட்டா. சுட்டுத் தவறினால், அடுத்ததைப் போடுவதற்குள் எதிரி வந்து நிற்பான். அதனால் சுடுவதற்கு முன் மூச்சை அடக்கி யோசிப்போம். அந்த யோசனைதான் வெஸ்டர்ன் என்று நான் நினைக்கிறேன். சத்தமும் அப்படித்தான். காக்கை பறந்தால் அங்கே ஆள், கண்ணாடி நொறுங்கினால் அந்த வீட்டுக்குள் ஆள். ஹெட்போன் இல்லாமல் இதை ஆடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடுவதற்குச் சமம். ஆங்கிலக் கதையைத் தொடர வேண்டிய அவசியம் இல்லாததால், மொழி தயக்கம் உள்ளவர்களுக்கு ஒரு விதத்தில் இது சுலபம்.

போன ஐப்பசியில் ஏற்காடு மலையில் நாகலூரில் மச்சான் வீட்டில் தங்கியிருந்தேன். மழை. நாற்பது நிமிஷம் ஊர்ந்து, பரிசை எடுத்து, வெளியேறும் படகு கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டேன். கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டேதான் இருந்தது, அணைந்தது ரௌட்டர். திரும்ப வந்து பார்த்தபோது என் வேட்டைக்காரன் செத்திருந்தான். இந்த கேமில் செத்த ஆள் அவன் துப்பாக்கி, அவன் கற்ற திறமைகள் எல்லாவற்றோடும் போய்விடுவான். இரண்டு வாரமாக வளர்த்தவன். மச்சான் மெழுகுவர்த்தியோடு வந்து, "என்னங்க மாமா, யாராவது போன் பண்ணாங்களா?" என்று கேட்டார், என் முகம் அப்படி இருந்திருக்கிறது. மறுநாள் மலை இறங்கியதும் ரௌட்டருக்கு ஆயிரத்துச் சொச்சத்தில் ஒரு மினி யுபிஎஸ் வாங்கினேன். ஹன்ட் வாங்குகிறவர்கள் கேம் விலையோடு இதையும் ஹெட்போனையும் கூட்டிக் கணக்குப் போடுங்கள்.

பாஸ் கிடையாது. நாம் சேர வேண்டியது ஆசியப் பிரிவில், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் பிங் (சர்வருக்குப் போய்வரும் நேரம்) ஏறி இறங்கினால் சுட்டது படாது. ஆட்டக்காரர்கள் அதிகம் திட்டுவது புதருக்குள் ஒளிந்து மணிக்கணக்கில் காத்திருப்பவர்களை. 2024 மாற்றத்தில் வந்த மெனு அமைப்புக்கும் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. தனியாகப் போகிறவனை மூன்று பேர் கூட்டம் மடக்கினால் பிழைப்பது அபூர்வம். இரண்டு நண்பர்கள் நிச்சயமாகக் கிடைப்பார்கள் என்றால் மட்டும் இறங்குங்கள். அப்படிக் கிடைத்தால் இதைப்போல் ஒரு அனுபவம் வேறெதிலும் இல்லை.

## பழையதும் சிறியதும்

லூகாஸ்ஆர்ட்ஸ் 1997-இல் வெளியிட்ட அவுட்லாஸ் இந்த வகைக்கே தாத்தா. ஓய்வு பெற்ற மார்ஷல் (சட்டக் காவலர்) ஜேம்ஸ் ஆண்டர்சன், கொலையுண்ட மனைவி, கடத்தப்பட்ட மகள். கையால் வரைந்த கதைக்காட்சிகள். ரீலோட் விசையை ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனித்தனியாக அழுத்த வேண்டும். 'டக்... டக்...' என்று ஆறு தடவை, எதிரி படியேறி வரும் சத்தம் கேட்கக் கேட்க. கிளிண்ட் பஜாக்கியனின் இசைக்காகவே இன்றும் ஆடுகிறார்கள். நைட்டைவ் ஸ்டுடியோஸ் 2025-இல் இதைப் புதுப்பித்தது. சாவி தேடிச் சுற்றுகிற பழைய பாணி வரைபடங்களுக்குப் பொறுமை வேண்டும். தொண்ணூறுகளில் பிரவுசிங் சென்டர் வாசலில் நின்றவர்களுக்கு அது தன்னால் வந்துவிடும்.

பிளட் வெஸ்ட், 2023 டிசம்பரில் முழுமையாக வந்தது. போலந்தின் ஹைப்பர்ஸ்ட்ரேஞ்ச் செய்தது. பேய் பிடித்த மேற்கு, பதுங்கிப் பதுங்கிப் போக வேண்டும். செத்தால் சாபத்தோடு எழுவோம். நேருக்கு நேர் சுடும் ஆசையோடு வருகிறவர்களுக்கு ஒத்துவராது. தனியாக, இருட்டில், நிதானமாக ஆடுகிறவர்களுக்குப் பொக்கிஷம்.

ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் ஃப்ராக்ஸ் முழுக்க இலவசம், 2014 முதல் ஸ்டீமில் இருக்கிறது. விஸ்கி குடித்தால் உயிர் ஏறும், காலால் உதைக்கலாம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். குறை, நம் மாலை நேரத்தில் ஆள் நிறைந்த சர்வர் கிடைப்பது அதிர்ஷ்டம். பாட்களோடு, அதாவது கம்ப்யூட்டரே ஆட்டுவிக்கும் ஆட்களோடு, ஆடிப் பழகலாம். காசு போடும் முன் இந்தக் காலத்துத் துப்பாக்கி தனக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

## ஒரே பார்வையில்

| கேம் | துப்பாக்கியின் கனம் | பாஸ் | தனி கார்டு | நெட் | ஆங்கிலக் காது |
|---|---|---|---|---|---|
| கன்ஸ்லிங்கர் | நடுத்தரம், ஒற்றைச் சண்டையில் உச்சம் | உண்டு | தேவையில்லை | டவுன்லோடுக்கு மட்டும் | மிக முக்கியம் |
| ரெட் டெட் 2 | மிக அதிகம் | உண்டு | கட்டாயம் | பெரிய டவுன்லோட் | முக்கியம் |
| ஹன்ட் | மிக அதிகம் | இல்லை | கட்டாயம் | எப்போதும், சீராக | காலடிச் சத்தம் போதும் |
| அவுட்லாஸ் | அதிகம் | உண்டு | தேவையில்லை | டவுன்லோடுக்கு மட்டும் | கொஞ்சம் |
| பிளட் வெஸ்ட் | நடுத்தரம் | உண்டு | இருந்தால் நல்லது | டவுன்லோடுக்கு மட்டும் | கொஞ்சம் |
| ஃபிஸ்ட்ஃபுல் | அதிகம் | இல்லை | தேவையில்லை | எப்போதும் | தேவையில்லை |

## வாங்கும்போது

ஸ்டீமில் யுபிஐ வழியாகவே ரூபாயில் கட்டலாம். வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணிக்குள் இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தைக் கதை பார்ப்பதில் கழிக்காதீர்கள். நேராக செட்டிங்குக்குப் போய் மெஷின் தாங்குகிறதா என்று முதலில் பாருங்கள். ரெட் டெட்டின் தொடக்கம் பனிமலையில் மெதுவாக நகரும், அதிலேயே நேரம் போய்விடும். பழைய கேம்கள் தள்ளுபடி நாட்களில் நன்றாக இறங்கும், அவசரமில்லாதவர்கள் விஷ்லிஸ்டில் போட்டுவிட்டுக் காத்திருங்கள். பெரும்பாலானவை ரத்தமும் கெட்ட வார்த்தையும் உள்ளவை. பள்ளிப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஹால் டிவியில் போட்டு ஆட வேண்டாம்.

அம்மாப்பேட்டைத் தம்பிக்கு ஃபிஸ்ட்ஃபுல்லை இலவசமாக இறக்கிக் கொடுத்து, கன்ஸ்லிங்கரை வாங்கச் சொன்னேன். ரெட் டெட்டுக்கு அவன் லேப்டாப்பில் டிஸ்க்கும் இல்லை, கார்டும் இல்லை. முகம் கொஞ்சம் வாடியது. முந்தாநாள் ராத்திரி பதினொன்றரைக்குப் போன் வந்தது. "அண்ணா, தெருவுல எதுத்தாப்புல ஒருத்தன் நிக்கிறான். எட்டாவது தடவை செத்துட்டேன். கையைப் பாக்கவா, அவனைப் பாக்கவா?"

அவனைப் பார், கை தன்னால் பழகும் என்றேன். பின்னால் அவன் அம்மா விளக்கை அணைக்கச் சொல்லிச் சத்தம் போடுவது கேட்டது. பாஸ் போட்டுவிட்டுப் படுக்கப் போனான்.